லடாக் அண்ணனும் நாலுக்கு நாலு டென்ட்டும்

லடாக்குக்குப் போய்விட்டு வந்து ஊரெல்லாம் லடாக் பேச்சுப் பேசுகிறவர்கள் எத்தனையோ பேர். போகாமலே லடாக் என்று பெயர் வாங்கிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் கள்ளக்குறிச்சியில், எங்கள் தெருமுனையில் மாவு மில் வைத்திருக்கிறார்.

பிள்ளைகளே, லடாக் எங்கே இருக்கிறது என்று உங்கள் புத்தகத்தில் படம் இருக்கும். இந்தியாவின் உச்சந்தலை. பனிமலை, மண் ரோடு, ஆற்றுக்குள்ளே ரோடு, ரோடே இல்லாத ரோடு. அங்கே ஜீப்பில் போய், ஜீப்பிலேயே சமைத்து, ஜீப்பின் தலைமேல் டென்ட் அடித்துத் தூங்குகிற ஆட்களை அண்ணன் ஒருநாள் போனில் பார்த்துவிட்டார். அப்போது மில்லில் கேழ்வரகு ஓடிக்கொண்டிருந்தது. மாவு தீய்கிற வாசனை தெருவுக்கு வந்த பிறகுதான் போனிலிருந்து தலையைத் தூக்கினார். தூக்கியவர் நேராகச் சின்னசேலம் போய் ஒரு பழைய ஜீப்போடு திரும்பினார்.

அன்றையிலிருந்து, "எப்பண்ணே கெளம்பறீங்க?" என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

அந்த ஒண்ணே ஒண்ணு ஒருநாள் குழாயாக இருந்தது. ஆற்றுக்குள் வண்டி முங்கினாலும் இன்ஜின் மூச்சு விட வேண்டுமாம். போர்வெல்லுக்குப் போடுகிற பிளாஸ்டிக் குழாயை வாங்கிப் பானெட்டிலிருந்து கூரைக்குமேல் நிமிர்த்தினார். எங்கள் ஊரில் ஆற்றில் தண்ணீர் வருவதே பெரிய சேதி. அதனால் அந்தக் குழாயில் ஓர் அணில் குடித்தனம் வந்தது.

இன்னொரு நாள் செயின் பிளாக். கிணற்று மோட்டாரைத் தூக்குவார்களே, அந்தச் சங்கிலி. சேற்றில் மாட்டினால் மரத்தில் கட்டி வண்டியை இழுத்துக்கொள்ளலாம் என்று முன்பம்பரில் மாட்டினார். பிறகு கூரைமேல் தண்ணீர் டேங்க். பிறகு மூங்கில் ஏணி, கேஸ் அடுப்பு, மண்வெட்டி, ஓர் அம்மிக்கல்.

"அம்மி எதுக்குண்ணே?"

"பின்பக்கம் வெயிட் கம்மியா கீது தம்பி."

லைட் மாட்டியவன் நான். ஒயரிங்தான் எனக்குத் தொழில். கோயில் திருவிழாவுக்குக்கூட அவ்வளவு லைட் நான் போட்டதில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் ஹாரன், பசித்த ஆட்டுக்குட்டி மாதிரி கத்தும். "லடாக்ல யாருக்கு ஹாரன் அடிக்கப் போறேன்? வுடு தம்பி," என்றார்.

இத்தனை இருந்தும் வண்டி மில் வாசலை விட்டு நகரவில்லை. மில்லிலிருந்து பறக்கிற மாவு அதன்மேல் இறங்கி இறங்கி வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. வெளியூர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "பனியிலேருந்து இப்பதான் வந்தீங்களா?" என்று பயபக்தியோடு கேட்டார். அண்ணன் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. தொப்பியை மட்டும் சரி செய்துகொண்டார்.

உண்மையில் மில்லை ஓட்டுவது அண்ணிதான். அண்ணிக்கு ஜீப் என்பது மிளகாய் காயவைக்க வசதியான பானெட். ஒருநாள் மிளகாய் காய்வது தெரியாமல் அண்ணன் இன்ஜினைக் கிளப்பிவிட்டார். நெடி தெருவைத் தாண்டி பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போனது. நின்றிருந்த ஜனம் மொத்தமும் தும்மியது. தும்மிக்கொண்டே வந்த டிரைவர் பஸ்ஸை ஸ்டாப்பு தாண்டி நிறுத்தினார்.

இப்போது டென்ட் கதைக்கு வருகிறேன். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டிக்கு 'ஃபோர் பை ஃபோர்' என்று பெயர். அண்ணன் அதைத் தமிழில் நாலுக்கு நாலு என்பார். எதிர்வரிசையில் தார்ப்பாய் தைக்கிற பாய் கடைக்குப் போய், "நம்முது நாலுக்கு நாலு வண்டி பாய். அதுக்குத் தகுந்தாப்பல மேல வெக்க ஒரு டென்ட் தெச்சிக் குடுங்க," என்று சொல்லிவிட்டு வந்தார்.

பாய் சொன்ன சொல் தவறாதவர். நாலு அடி நீளம், நாலு அடி அகலம், ஜிப், ஜன்னல் எல்லாம் வைத்து அழகாகத் தைத்துக் கொண்டுவந்தார். அண்ணன் ஏணியில் ஏறி உள்ளே படுத்தார். முட்டிக்குக் கீழே இரண்டு கால்களும் வெளியே வந்துவிட்டன.

"இன்னா பாய் இது?"

"நீங்கதானே நாலுக்கு நாலுன்னு சொன்னீங்க!"

"அது சக்கரம் பாய்!"

"சக்கரம் அளவெல்லாம் நமக்கு எப்டிங்க தெரியும்? நமக்கு அடிதான் தெரியும்."

அண்ணன் காலை உள்ளே இழுத்து மடக்கிப் பார்த்தார். பிறகு, "லடாக் குளுருல காலை மடக்கிக்கினுதான் தூங்கணும்," என்று அதையே மாட்டிக்கொண்டார்.

பொறுமை போனது அண்ணிக்குத்தான். மாவு அரைக்க வருகிறவர்கள் வண்டி நிறுத்த இடமில்லாமல் அடுத்த தெரு மில்லுக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை நான் பியூஸ் மாற்றிக்கொண்டிருந்தபோது அண்ணி இடுப்பில் கை வைத்து வாசலில் நின்றார்.

"தோ பாருங்க. மொட்ட மாடியில மொளகா காயவெக்கறப்பல்லாம் அந்தக் கல்வராயன் மலைய பாக்கறேன். கட்டிக்கினு வந்த நாள்லேருந்து பாக்கறேன். ஒருவாட்டி கூட்டினு போயிருப்பீங்களா? இவருக்கு லடாக்காம்!"

"அது வந்து, இன்னும் ஒண்ணே ஒண்ணு..."

"ஞாயித்துக்கெழம என்னை வெள்ளிமலைக்குக் கூட்டினு போயி, வெளக்கு வெக்கறதுக்குள்ள கூட்டினு வரணும். வண்டி அதைச் செஞ்சா இங்க இருக்கட்டும். செய்யல, திங்கக்கெழம காயலாங்கடை. ஆளுக்குச் சொல்லிட்டேன்."

அண்ணன் முகம் அரைத்த மாவாக ஆனது.

ஞாயிறு காலை கிளம்பினோம். வழியில் ஒயர் ஏதாவது கழன்றால் மாட்ட என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். "அம்மியாவது எறக்கிடலாமே," என்றேன். "ஒரு சாமான் எறக்கினாலும் இது பயணம் இல்ல தம்பி, பிக்னிக்," என்றார். கச்சிராயபாளையத்தில் வெள்ளிமலை பஸ் எங்களை முந்தியது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "இன்னா சார், வூடு காலி பண்ணிக்கினு போறீங்களா?" என்று கத்தினார்.

கோமுகி அணை தாண்டி மலை தொடங்கியது. முதல் வளைவில் ஜீப் முனகியது. அடுத்ததில் அழுதது. அதற்கடுத்த ஏற்றத்தில் நின்றேவிட்டது. அண்ணன், "இப்ப பாருங்க நாலுக்கு நாலை," என்று சின்ன லீவரைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. இத்தனை நாள் மாவு இறங்கி, அது அடியோடு இறுகிப்போயிருந்தது.

"செயின் எதுக்கு கீது?" என்று குதித்து இறங்கினார். எதிரே இருந்த புளியமரத்தில் கட்டி, நானும் அவருமாகச் சங்கிலியை இழுத்தோம். மரம் நின்ற இடத்தில் நின்றது. ஜீப்பும் நின்ற இடத்தில் நின்றது. பம்பர் மட்டும் கழன்று மரத்தைப் பார்க்கப் போனது.

அதற்குள் அந்த பஸ் வெள்ளிமலை போய்விட்டு இறங்கி வந்துவிட்டது. ரோட்டை நாங்கள் அடைத்திருந்தோம். கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "சார், இன்னும் இங்கியேவா கீறீங்க?"

அண்ணன் பம்பரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு என்னவோ போல் இருந்தது.

அண்ணி இறங்கினார். ஜீப்பைச் சுற்றி ஒரு நடை வந்தார். ஏணியில் ஏறித் தண்ணீர் டேங்கைத் திறந்துவிட்டார். ரோட்டில் வாய்க்கால் மாதிரி ஓடியது.

"தண்ணி கொட்ற மலைக்குத் தண்ணி சொமந்துக்கினு வர்ற ஆளு உலகத்துலயே இவரு ஒருத்தருதான்," என்று பஸ்ஸைப் பார்த்துச் சொன்னார். பஸ் மொத்தமும் சிரித்தது. "சிரிச்சது போதும், எறங்கி ஒரு கை குடுங்க!"

புளி மூட்டையோடு இருந்தவர்கள், கடுக்காய் மூட்டையோடு இருந்தவர்கள், கண்டக்டர் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். பின்னால் இருந்த அம்மியைப் பார்த்து ஒரு பாட்டி, "கொழம்பு மட்டுந்தான் இல்ல," என்றார். பாரம் குறைந்ததும் ஜீப் இருமிக்கொண்டே ஏறியது. ஏறி, மேலே ஒரு சமதளத்துக்கு வந்ததும் மழை பிடித்துக்கொண்டது.

கூரைத் துரு ஓட்டைகள் வழியே சீட்டெல்லாம் ஒழுகியது. ஒழுகாத இடம் ஒன்றே ஒன்றுதான். பாய் தைத்த டென்ட். அண்ணன் குடையைப் பிடிக்க, அண்ணி ஏணியில் ஏறி உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அளவெடுத்த மாதிரி இருந்தது. படுக்கத்தான் அது ஆகாது. உட்கார்ந்து பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

மழையில் ஜீப்பின் மாவு கரைந்து கூழாக வடிந்தது. நாங்கள் இருவரும் மரத்தடியில் குடையைப் பிடித்துக்கொண்டு மழைத் தண்ணீரிலேயே டீ போட்டோம். அண்ணி ஜன்னல் வழியே டம்ளரை வாங்கிக்கொண்டார். மழை விட, மேகம் விலக, கீழே கோமுகி அணை தட்டில் ஊற்றி ஆற வைத்த டீ மாதிரி தெரிந்தது.

"ஏங்க, நம்ம மில்லு எங்க கீது?"

"தோ, அந்தப் பக்கம். தெரியுதா?"

"தெரியல. ஆனா நம்ம மாடியிலேருந்து பாத்தா இந்த எடம் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"நாளைக்கு மொளகா காயவெக்கறப்ப பாக்கணும்."

அண்ணன் வானத்தைப் பார்த்தார். "கெளம்பலாம். வெள்ளிமலை பாத்துட்டு வெளக்கு வெக்கறதுக்குள்ள..."

"வெள்ளிமலை எங்க ஓடப் போவுது? கம்முனு குந்துங்க."

பொழுது சாயும்வரை அண்ணி இறங்கவில்லை. வெள்ளிமலைக்கும் போகவில்லை. நாங்கள் ஊருக்குள் நுழைந்தபோது எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. அண்ணன் மில் வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "லைட்டெல்லாம் நீயே கழட்டிக்க தம்பி. நல்ல ஒயரு. வீணாக்காத."

திங்கட்கிழமை காலையில் ஸ்க்ரூடிரைவரோடு போனேன். சத்தியமாக, எனக்குக் கழற்ற மனசில்லை. காயலாங்கடைக்காரர் தராசோடு நின்றுகொண்டிருந்தார். அண்ணன் மில்லுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை.

அண்ணி ஈரத்துணியால் கையைத் துடைத்தபடி வந்தார். "பம்பர் ஒண்ணு கீது, எடுத்துக்கினு போ."

"வண்டின்னு சொன்னீங்களேக்கா?"

"பம்பருன்னுதான் சொன்னேன். ஒன் காதுல மாவு."

அப்புறம் எதிர்வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "பாய்! டென்ட்டு வேற தெக்கணும். ஏழடி நீளம், ஆறடி அகலம். அடிக்கணக்குல சொல்லிட்டேன், மாத்திடாதீங்க. ரெண்டு பேரு படுக்கணும்."

உள்ளே மில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்திலும் அண்ணன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மிளகாய்தான் அரைத்துக்கொண்டிருந்தார், அதனால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

இன்றைக்கும் அந்த ஜீப் அங்கேதான் நிற்கிறது, மேலே மறுபடி பனி படிந்து. வண்டி நிறுத்த இடம் விட்டுக் கொஞ்சம் ஓரமாக. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மலைப்பக்கம் போய்விட்டு வரும். நீங்கள் அந்தப் பக்கம் போனால் எப்போது லடாக் என்று கேளுங்கள். "இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி" என்று பதில் வரும். இப்போதெல்லாம் அதைச் சொல்வது அண்ணி.

எனக்கும் அவசரமில்லை. அவர்கள் கிளம்பிவிட்டால் எங்கள் தெருவில் சிரித்துப் பேச யார் இருப்பார்கள்?