பதினொரு வெற்றுப் பக்கங்கள்

ஏழு ஆறுகள் ஓடியதால் அந்த நாட்டுக்கு ஏழாற்று நாடு என்று பெயர். ஆறுகள் குடிகளுக்குச் சொந்தமாக இருந்தன. தண்ணீர் மட்டும் கடல் கடந்து வந்து ஆண்ட துரைகளுக்குச் சொந்தமாக இருந்தது.

மீன் விற்கும் வடிவம்மைக்கு அப்போது இருபத்திரண்டு வயது. விடுதலை கேட்கும் துண்டறிக்கைகளைக் கூடையில் மீனுக்கு அடியில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனாள். பிடிபட்டபோது, மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவதாகத் துரை சொன்னார்.

"எனக்கு எழுதத் தெரியாதுய்யா" என்றாள்.

ஒன்பது ஆண்டு சிறை. அங்கே கைதிகளிடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாள். கற்ற பிறகும் மன்னிப்பை எழுதவில்லை.

ஒருநாள் துரைகள் கப்பலேறினார்கள். அதே சிறையில் இருந்த ஆதிமூலம் முதலமைச்சரானார். அவரே தேடிவந்து வடிவம்மையைத் தேர்தலில் நிற்க வைத்தார். அவளும் வென்று பேரவைக்குப் போனாள்.

மூன்றாம் ஆண்டு மழை பொய்த்தது. அமைச்சரவை கூடி ஆழ்ந்து யோசித்து ஓர் ஆணை பிறப்பித்தது: 'விடுதலை பெற்ற நாட்டில் பஞ்சம் இருக்க முடியாது. ஆகவே அச்சொல் அரசு ஏடுகளிலிருந்து நீக்கப்படுகிறது.' இல்லாத பஞ்சத்துக்குக் கஞ்சித்தொட்டிகள் எதற்கு என்று மறுநாளே அவற்றை மூடினார்கள். பசியால் செத்தவர்களை 'வெளியூர் போனவர்கள்' என்று பதியும்படி அடுத்த ஆணை வந்தது. கணவன் திரும்பிவந்து கையெழுத்துப் போடும்வரை மனைவிக்கு அரிசி கிடையாது என்றார்கள் அதிகாரிகள்.

வடிவம்மை நாற்பது நாள் தன் தொகுதி முழுக்க நடந்தாள். வீடு வீடாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். பேரவை கூடிய அன்று எழுந்து நின்றாள்.

"உறுப்பினர் எதைப் பற்றிப் பேச விரும்புகிறார்?" என்று கேட்டார் அவைத்தலைவர்.

"வெளியூர் போனவுகளப் பத்தி."

"பயணத்துறை விவாதம் நாளைக்குத்தான் அம்மையாரே."

"அவுகளால நாளைக்கு வர முடியாதுய்யா. இன்னைக்கே வாசிச்சிருதேன்."

வாசித்தாள். "புளியங்கரை மாடசாமி, நாப்பது வயசு. அவரு மக செல்லத்தாயி, ஆறு வயசு."

முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். அவள் குரலை உயர்த்தினாள். மீன் விற்ற குரல், கடைசி வரிசைவரை கேட்டது. நூறாவது பெயரில் சிரிப்பு நின்றது.

ஆதிமூலம் எழுந்தார். "வடிவு, உக்காரு. உன்கூட ஒரே செயில்ல கஞ்சி குடிச்சவன் கேக்கேன்."

"துரை கஞ்சியாவது ஊத்துனான்லா அண்ணாச்சி."

ஆதிமூலம் உட்கார்ந்தார். பொழுது சாயும்வரை அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர்களையும் அவள் நின்றபடியே வாசித்தாள். ஒருவர்கூட அவையை விட்டு எழுந்து போகவில்லை. முடிந்ததும், அத்தனை பெயர்களையும் அவைக்குறிப்பிலிருந்து நீக்க அவைத்தலைவர் உத்தரவிட்டார்.

அடுத்த வாரம் அரிசி வண்டிகள் கிளம்பின. 'வளமைத் திருவிழா' என்று அதற்குப் பெயரிட்டு ஆதிமூலம் கொடியசைத்தார். வருத்தமில்லையா என்று வடிவம்மையிடம் கேட்டார்கள்.

"என்ன பேரு வச்சா என்ன, உலையில அரிசி வேகுதுல்லா" என்றாள் அவள்.

திருவிழாவை இழிவுபடுத்தியவள் என்று பிரசாரம் செய்து அடுத்த தேர்தலில் அவளைத் தோற்கடித்தார்கள். சில ஆண்டுகளில் அவள் இறந்தும் போனாள். அந்த நாட்டில் பஞ்சம் வந்ததாக இன்றுவரை எந்த ஏட்டிலும் இல்லை.

ஆனால் அன்றைய அவைக்குறிப்பில், நீக்கிய இடத்தை அச்சகத்தார் அப்படியே வெறுமையாக விட்டுவிட்டார்கள். தலைநகர் நூலகத்தில் இருக்கிறது அந்தப் புத்தகம். பதினொரு பக்கம், ஓர் எழுத்தில்லை. வெற்றுத் தாளைக் காட்டக் கூடாது என்று சட்டம் இல்லாததால் கேட்டவர்களுக்கெல்லாம் நூலகர் எடுத்துக் கொடுக்கிறார். செத்தவர்களின் வீட்டார் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

போன மாதம் ஒரு பெண் வந்து நான்காம் பக்கத்தின் நடுவில் விரல் வைத்தாள். "எங்க அண்ணன் பேரு இங்கனதான் வரும்" என்றாள்.

நூலகர் குனிந்து பார்த்தார். பிறகு தன் விரலை அதற்கு அடுத்த வரியில் வைத்தார்.