ஆல்ப்ஸ் ஏரியில் ஒரு தலைமுழுக்கு

திருப்பதியைச் சுற்றிப் பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே வரிசையைப் பார்த்தாலும் போய் நின்றுவிடுவோம். எதற்கு வரிசை என்று கேட்பதெல்லாம் அப்புறம். கேட்டுக்கொண்டிருந்தால் நாற்பது பேர் முன்னால் புகுந்துவிடுவார்கள். லட்டு வரிசை என்று நினைத்து மொட்டை வரிசையில் நின்றவர் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார். (நின்றது நின்றாகிவிட்டது என்று சித்தப்பா மொட்டையும் போட்டுக்கொண்டுதான் வந்தார்.)

இந்த வியாதியை விமானத்தில் ஏற்றி ஐரோப்பா வரை கொண்டுபோன பெருமை என்னைச் சேரும்.

அப்போது நான் ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். சித்தூர் பக்கம் பாலசமுத்திரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் என் நைனா (அப்பாதான்) என்னைப் பார்க்க வந்திருந்தார். சும்மா பார்க்க அல்ல. கம்பெனி என்னை இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லியிருந்தது. அம்மாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. "போய் பாத்துட்டு வா. சரிப்படலன்னா கையோட இட்டுக்கினு வந்துடு" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நைனாவோ வந்த பத்து நாளாக எல்லாவற்றையும் பார்த்தார், தலையாட்டினார், வாய் திறக்கவில்லை. எனக்கு அங்கேயே இருக்க வேண்டும் என்று கொள்ளை ஆசை. கேட்கத்தான் பயம்.

கடைசி அஸ்திரமாக, பக்கத்து நாடான ஆஸ்திரியாவில் ஓர் ஏரிக்கரைக் கிராமத்துக்கு அழைத்துப் போனேன். காலண்டரில் வருமே, அதே ஊர். சுற்றிலும் ஆல்ப்ஸ் மலை, ஏரிக்குள் தலைகீழாக அதே மலை, ஜன்னலுக்கு ஜன்னல் பூத்தொட்டி. ரயிலை விட்டு இறங்கிப் படகில் ஏரியைத் தாண்ட வேண்டும். "நம்ம பிச்சாட்டூர் டேமை விட கொஞ்சம் பெருசு" என்று நைனா சான்றிதழ் கொடுத்தார். இந்த ஊர் மொழி, வழி, வழக்கம் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நான் அளந்துகொண்டே வந்தேன். (எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொத்தம் ஆறு வாக்கியம். அதில் இரண்டு பேக்கரிக்கு மட்டும் உதவும்.)

அந்த ஊரில் மலை உச்சிக்கு ஏற ஓர் இழுவை ரயில் உண்டு என்றும், அதற்குப் பெரிய வரிசை நிற்கும் என்றும் போனில் படித்திருந்தேன். படகுத்துறையிலிருந்து இரண்டு சந்து ஏறினோம். வரிசை நின்றது. போதாதா? ஓடிப்போய் நின்றோம். எங்களுக்குப் பின்னால் சடசடவென்று பத்துப் பேர் சேர்ந்தார்கள். "பாத்தியா நைனா, கொஞ்சம் லேட்டா வந்திருந்தா அவ்ளோதான்" என்றேன்.

எல்லோரும் கறுப்பு உடையில் இருந்தார்கள். குளிருக்கென்று நான் வாங்கியிருந்த எங்கள் கோட்டுகளும் கறுப்பு. பொருந்திப் போனதில் எனக்குப் பெருமை வேறு.

"ஏம்மா, ஒருத்தரும் சிரிக்கலியே?"

"இங்க அப்டித்தான் நைனா. ரொம்ப டிசிப்ளின்."

ஒரு பெண் ஆளுக்கொரு சின்ன அட்டை கொடுத்துக்கொண்டு வந்தாள். அதில் ஒரு பெரியவரின் படம், கீழே இரண்டு தேதி. "டிக்கெட்" என்று விளக்கினேன். "இந்த ரயிலைக் கட்டினவரு இவரா இருக்கும்."

"துட்டு வாங்கலியே?"

"ஆன்லைன்ல கட்டிட்டேன்." (கட்டவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.)

எங்கேயோ முன்னால் பேண்டு வாசிக்க ஆரம்பித்தார்கள். நைனா காதைக் கூர்மையாக்கினார். "மேளத்தோட தினுசு சரியில்லியேம்மா" என்றார். பாலசமுத்திரத்து மனுஷனுக்கு மேல்நாட்டுச் சங்கீதம் எப்படிப் புரியும் என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

சந்து திரும்பியது. ஒரு மாதா கோயில், அதை ஒட்டி ஒரு பூந்தோட்டம். முன்னால் நின்றவர்களின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. நைனா எனக்கு முன்னால் போனார். வெள்ளை அங்கி போட்ட பாதிரியார், அவர் பக்கத்தில் செம்பு நிறப் பாத்திரத்தில் தண்ணீர், அதில் ஒரு தழைக் குச்சி. நைனாவின் முகம் முதல் முறையாக மலர்ந்தது. பயபக்தியோடு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்து, வலது கையைக் குழித்து நீட்டினார்.

பாதிரியார் அந்தக் கையைப் பார்த்தார். நைனாவைப் பார்த்தார். வேறு வழி தெரியாமல் குச்சியை நனைத்து உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டார். நைனா அதை உறிஞ்சிக் குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டு, "கோவிந்தா" என்று நகர்ந்தார். நகர்ந்தவர் கீழே பார்த்தார். குழி. குழிக்குள் பெட்டி.

"அடிப்பாவி, எழவும்மா இது!"

பின்வாங்க இடமில்லை. பின்னால் ஊரே நின்றது. முன்னால் இறந்தவரின் குடும்பம் கைகொடுக்க வரிசையாக நின்றது. மனைவி போலும், வயதான ஓர் அம்மாள் நைனாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். தமிழ் தெரியாதவர்களுக்குத் தெலுங்கு தெரிந்திருக்கும் என்பது எங்கள் எல்லைப்பக்கத்து நம்பிக்கை. "பாதபடகண்டம்மா" என்று நைனா தெலுங்கில் ஆறுதல் சொன்னார். அந்த அம்மாளுக்குப் புரிந்ததோ இல்லையோ, கண்ணீர் விட்டுத் தலையசைத்தார். அடுத்தது என் முறை. என் ஆறு வாக்கியத்தில் வாய்க்கு வந்தது ஒன்றுதான்: "மிகவும் அழகாக இருக்கிறது, நன்றி."

நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

தலைதெறிக்கப் படகுத்துறைக்கு வந்தோம். தப்பித்தோம் என்று நான் மூச்சு விடும்போது நைனா கோட்டைக் கழற்றினார்.

"எழவுக்குப் போயி முழுகாம படகு ஏறக் கூடாது."

"ரூம்ல வெந்நீர் இருக்கு நைனா!"

"அதுக்குள்ள எத்தினி பேரு மேல படுவோம்? நீ தலையில தெளிச்சுக்க, போதும்."

சட்டையும் போனது. பனியன், அரை டிராயரோடு படியிறங்கி அந்த ஐஸ் தண்ணீரில் முதல் முழுக்குப் போட்டார். அன்னப்பறவைகள் அலறிக்கொண்டு பறந்தன. சுற்றுலா வந்தவர்கள் மலையை விட்டுவிட்டு நைனாவைப் படம் எடுத்தார்கள். இரண்டாம் முழுக்கில், அடக்கம் முடிந்து கரைக்கு இறங்கி வந்துகொண்டிருந்த கூட்டத்திலிருந்து பேண்டுக்காரர் ஒருவர் எக்காளத்தை வீசிவிட்டு ஓடி வந்தார். துக்கம் தாளாமல் மனுஷன் ஏரியில் விழுந்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார். மிதவை வளையம் பறந்தது. யாரோ கயிறு கொண்டு வந்தார். நான் ஏரியைக் காட்டி, தெரிந்த இன்னொரு ஜெர்மன் வாக்கியத்தை எடுத்து விட்டேன்: "குளியலறை எங்கே இருக்கிறது?"

குழப்பம் இரட்டிப்பானது. நைனா மட்டும் நிதானமாக மூன்றாவது முழுக்கையும் முடித்துக்கொண்டு, வளையத்தைக் கழுத்தில் மாட்டியபடி ஏறி வந்தார். அதற்குள் அந்த அம்மாளே, அன்று புருஷனைப் புதைத்த அம்மாளே, ஒரு கம்பளியோடு வந்து நின்றார். நைனாவின் தோளில் போர்த்தினார். கூட வந்த பெண் சுடச்சுட சூப் கொடுத்தாள். ஒருவரும் நீங்கள் யார் என்று கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தாலா, நன்றியாலா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை.

திரும்பும் படகில் பல் கிடுகிடுக்க நைனா அம்மாவுக்கு போன் போட்டார். என் ஜெர்மனி வேலை அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"பொண்ணுக்கு ஒரு எழவும் தெரியல," என்றார். "பாஷை தெரியாது, வழி தெரியாது. ஆனா ஜனங்க நல்ல ஜனங்க. சாவுல வந்து நிக்கறவன யார்ரா நீன்னு கேக்காத ஊரு. ரெண்டு வருசம் இருந்துட்டு வரட்டும்."

இருந்துவிட்டு வந்தேன். சித்தூரிலேயே கல்யாணம் ஆயிற்று. புது மாப்பிள்ளையோடு ஊட்டிக்குக் கிளம்பிய அன்று, பஸ் நகரும் நேரத்தில் நைனா மூச்சிரைக்க ஓடி வந்து ஜன்னல் வழியாக அவர் மடியில் ஒரு பொட்டலத்தைப் போட்டார். உள்ளே உலர்ந்த வேட்டி ஒன்று, பனியன் ஒன்று.

"இவ சுத்திக் காட்ட இட்டுக்கினு போறா மாப்ள. எதுக்கும் கையில இருக்கட்டும்."