பன்னிரண்டு மிட்டாய், நாலு பேர்

மதிப்பிற்குரிய அண்ணாவுக்கு, மளிகைக் கடைத் தம்பி கல்லாவில் உட்கார்ந்தபடியே கும்பிட்டு எழுதுவது. இங்கே நான், உங்கள் தம்பி பெண்டாட்டி, கடைப் பூனை எல்லோரும் சௌக்கியம். அண்ணியின் முழங்கால் வலி தேவலையா?

உங்கள் கடிதம் கிடைத்தது. லீவுக்கு அங்கே வந்த என் பெரியவள் உங்கள் லாரியில் பெட்டிகளை மாற்றி அடுக்கி, இன்னொரு வரிசைக்கு இடம் காட்டினாளாமே! பெருமையாக இருந்தது. ஆனால் நீங்கள் போன தடவை இங்கே வந்தபோது சொன்னதையே மறுபடியும், "சின்னவள் மக்கு, அவளைப் பிரித்து இங்கே அனுப்பு, கண்டிப்பான பள்ளிக்கூடத்தில் போடுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். தராசு பிடித்த கையாச்சே, இரட்டைப் பிள்ளைகளுக்கு எல்லாமே சரிசமம். ரிப்பன் மட்டும் பெரியவளுக்குச் சிவப்பு, சின்னவளுக்கு நீலம், அதுவும் எனக்கு அடையாளம் தெரியத்தான். அப்படியிருக்க, கணக்கு டீச்சர் பெரியவளுக்கு நோட்டு நிறையக் கணக்கும் சின்னவளுக்கு ஒரு டப்பா சட்டைப் பொத்தானும் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டதும் கடையைப் பாதியில் சாத்திவிட்டு நியாயம் கேட்க ஓடினேன், அவர் "உட்காருங்க" என்றார், பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்தேன், கால் சிக்கிக்கொண்டது, எழுந்து சண்டை போட வழியில்லாமல் வகுப்பு முழுவதையும் பார்க்கும்படி ஆகிவிட்டது.

அண்ணா, அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடணும். "பன்னிரண்டு மிட்டாய், நாலு பேர், ஆளுக்கு எத்தனை?"ன்னு கேட்டாங்க. கேள்வி முடியறதுக்குள்ள பெரியவ எந்திரிச்சு "நாலு!"ன்னா. தப்பு. சின்னவ பொத்தானையெல்லாம் தரையில பரப்பி, நிதானமா "ரெண்டு"ன்னா. அதுவும் தப்பு. நான் தலையில கைவெச்சுக்கிட்டேன். டீச்சரோ, "ஏம்மா ரெண்டு?"ன்னாங்க. "பங்கு போடுறவங்களுக்கும் ஒரு பங்கு வேணாமா டீச்சர்? அப்ப அஞ்சு பேரு. மிச்சம் ரெண்டு, லேட்டா வர்றவங்களுக்கு." டீச்சர் விழுந்து விழுந்து சிரிச்சாங்க, அந்த மிச்சத்தை வெச்சே வகுப்பு முழுசுக்கும் 'மீதி'ன்னா என்னன்னு நடத்திட்டாங்க.

"பெத்த எனக்கே ரிப்பன் பார்த்தாத்தான் தெரியும். நீங்க எப்படிம்மா?"ன்னேன்.

"அவங்க பண்ற தப்பே போதுங்க. பெரியவ அவசரத்துல தப்பு பண்ணுவா, நிறைய கணக்குக் குடுத்தா நிதானம் வந்துடும். சின்னவ யோசிச்சுத் தப்பு பண்ணுவா. கையில பொருளக் குடுத்து, ஏன்னு கேட்டாப் போதும்."

ஆகவே சின்னவளை அனுப்புவதாக இல்லை. என் பேச்சு தப்பென்றால் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அண்ணிக்கு வணக்கம். லீவு முடிந்ததும் பெரியவளைப் பத்திரமாக பஸ் ஏற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
கால் இன்னும் வலிக்கும் தம்பி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது, பக்கத்தில் இருந்த நீல ரிப்பனிடம், "இருபது முட்டை, அஞ்சு பேர்..." என்று ஆரம்பித்தேன். நான் வாய் மூடுமுன் "அஞ்சு!" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏய், நீ பெரியவதானே?" என்றேன். மாட்டிக்கொண்டவள் சிரிக்கிறாள். "அவதாம்பா ரிப்பனை மாத்திக்கிட்டா. 'பெரியப்பாவுக்கு என்னைத் தெரியவே தெரியலை, நானே போய்ட்டு வரேன்'னா." ரிப்பனைப் பார்க்காமல் என் பிள்ளையை நானே கண்டுபிடித்துவிட்டேன், அண்ணா! அனுப்பு, அனுப்பு என்றீர்களே அந்த மக்கு, அவள் போன வாரமே உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். லாரியில் இடம் காட்டியது அவள்தான்.