இடது தோளை மட்டும் விட்டுவையுங்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். எதிரே இருக்கும் மலைதான் நலமில்லை. போனில் சொல்லலாமென்றால், "வெடி வைக்கிற நேரம் மாமா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். ஜன்னல் அதிரும்போதெல்லாம் தொழில் நல்லபடி நடக்கிறது என்று தெரிந்துகொள்கிறேன்.

உங்கள் குவாரி தின்னும் அந்த மலையைத்தான் நான் வரைந்துகொண்டிருக்கிறேன். காலமெல்லாம் ஆபீஸில் முத்திரை குத்திய கை, மெதுவாகத்தான் வரும். உச்சியை வரைந்தேன், வர்ணம் காய்வதற்குள் உச்சியைக் காணோம். உங்கள் அத்தை படத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இல்லாததையெல்லாம் எதுக்குங்க வரையறீங்க?" என்றாள். பொய் எதற்கு என்று உச்சியை அழித்து வானம் பூசினேன். சரிவில் மரங்களை வைத்தேன். மறுநாளே அங்கே உங்கள் லாரிக்குப் பாதை. மரங்களை அழித்துப் பாதை போட்டேன். வெடிச் சத்தத்தில் கை உதறி வானத்தின் குறுக்கே ஒரு கோடு விழ, அதைப் பருந்தாக்கிச் சமாளித்தேன். இப்போது பருந்து படத்தில் மட்டும்தான் இருக்கிறது. போதாததற்கு ஈர வர்ணத்தில் கல்தூள் வந்து படிந்துவிட்டது. படத்தில் அசல் மலை என்றால் அந்தத் தூள்தான். வர்ணக் கடைக்காரர் வேறு, "என்ன சார், முன்னெல்லாம் பச்சையா வாங்குவீங்க, இப்ப வெறும் சாம்பல் கலரு? வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்கிறார்.

மாப்பிள்ளை, உங்கள் தொழிலைக் குறை சொல்லவில்லை. என் பெண் சாப்பிடுவதும் அதில்தான். ஆனால் அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு மலை என்று காட்ட இந்தப் படம்தான் மிஞ்சும் போலிருக்கிறது. இன்றைக்கு எது போயிருக்குமோ என்று காலையில் ஜன்னலைத் திறக்கவே பயமாக இருக்கிறது. நேற்று தூரிகையை வைத்துவிட்டு அழுதேன். இந்த வயசில் வெட்கமாகத்தான் இருக்கிறது. வலது பக்கத்தை முடித்துவிட்டேன், அதைத் தாராளமாக உடைத்துக்கொள்ளுங்கள். மலையின் இடது தோளை மட்டும், அந்த வழுக்கைப் பாறை வரைக்கும், நான் வரைந்து முடிக்கிறவரை விட்டுவையுங்கள். உங்கள் கையைப் பிடித்துக் கேட்கிறேன்.

பெண்ணைத் தூசியில் நிற்க விடாதீர்கள். மலைபோல நிலைத்து வாழுங்கள் என்று எழுத வந்தேன். நிலைமையைப் பார்த்தால் அப்படி வாழ்த்தப் பயமாக இருக்கிறது. சும்மா நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: கடிதத்தை ஒட்ட இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. இன்று எட்டிப் பார்த்தால், எதிர்வீட்டுக்காரர் மாடி எழுப்புகிறார், இடது தோள் அடியோடு மறைந்துவிட்டது. நாமும் மாடியில் ஒரு அறை கட்டினால்தான் தெரியும் என்கிறார் மேஸ்திரி. நாளையே வேலை ஆரம்பம். நம் குவாரியிலிருந்து இரண்டு லோடு ஜல்லி அனுப்பவும். வலது பக்கத்தில் கல் தீர்ந்துவிட்டதாக உங்கள் டிரைவர் சொன்னார். அவசரம், அதனால் இடது பக்கத்துக் கல்லானாலும் பரவாயில்லை.