கடலுக்கு வயது சொன்ன உப்பு பாய்

அறுபதுகளின் தொடக்கத்தில், குடிதண்ணீருக்கே அல்லாடிய திண்டுக்கல்லில், சமுத்திரத்துக்காகக் கவலைப்பட்ட ஒரே மனிதர் உப்பு பாய்தான். தோல் பதனிடும் இடங்களுக்கு மூட்டை மூட்டையாக உப்பு விற்பவர். மனைவி தவறிப்போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. சாயங்காலமானால் நாகல் நகர் டீக்கடைக்கு வந்துவிடுவார். பேச்சு ஒன்றே ஒன்றுதான், பூமியின் வயது.

கல்யாணப் பந்தியில் ரசம் கரிக்கிறது என்று யாராவது முகம் சுளித்தால் போதும். "அம்புட்டும் ஆறு கொண்டாந்த உப்பு அப்பு. வருசா வருசம் எம்புட்டு வருது, கடல்ல எம்புட்டு கெடக்கு, வகுத்துப் பாரு. பத்துக் கோடி வருசம், அதான் பூமிக்கு வயசு" என்று ஆரம்பித்துவிடுவார். பாயசம் வருவதற்குள் பந்தியே எழுந்துவிடும்.

அவருக்கு வாய்த்த எதிரி பள்ளிக்கூடத்து சயன்ஸ் வாத்தியார். "பாறையில இருக்கிற யுரேனியம் ஈயமா மாறுற கணக்கு இருக்கு பாய். நானூறு கோடிக்கும் மேல சொல்லுது" என்பார்.

"பாறைய நாக்குல வச்சுப் பாத்தீகளா சார்? நான் உப்ப வச்சுப் பாத்துருக்கேன்" என்பார் பாய். இதற்கு விஞ்ஞானத்தில் பதில் கிடையாது.

ஒருநாள் பந்தயமே கட்டிவிட்டார்கள். தோற்றவர் இனி டீக்கடையில் பூமியின் வயதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. பெஞ்சில் இருந்த எங்களுக்குப் பாயை நினைத்துத்தான் கவலை. பாய்க்கு அதை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

"ஆறு கொண்டாந்து போடுறதச் சொல்றீங்க. கடல்ல இருந்து வெளிய போற உப்பு?" என்றார் வாத்தியார்.

"உள்ள போன உப்பு எங்க சார் வெளிய வரும்?" என்றார் பாய்.

அந்த நேரம் பார்த்து ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. "பாய், தூத்துக்குடி உப்பு வந்துருக்கு. எங்க எறக்கட்டும்?" என்றார் வண்டிக்காரர்.

கடையே மூட்டைகளைப் பார்த்தது. பாயும் பார்த்தார்.

"இதெல்லாம் கொசுறு பாய். கடலே தன் அடியில எம்புட்டோ உப்ப எறக்கி வச்சிருக்கு" என்றார் வாத்தியார் மெதுவாக. பாய் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாளிலிருந்து வருவார், குடிப்பார், போவார். சொன்ன சொல் தவறாத மனிதர், வாய் திறக்கவில்லை. கடை களையிழந்தது. ஜெயித்த வாத்தியாருக்குத்தான் டீ ருசிக்கவில்லை. கடைசியில் அவரே நகர்ந்து வந்து பாயின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாய், இந்தக் கடலுக்கு மொதல்ல தண்ணி எங்கருந்து வந்துச்சு?"

"நான் பேசலாமா?"

"பந்தயம் வயசுக்குத்தான பாய். தண்ணிக்கு இல்லையே."

பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அப்பு, ரெண்டு டீ போடு. செத்த நேரம் பேச வேண்டியிருக்கு" என்றார் கடைக்காரரிடம். அந்தச் செத்த நேரம் பல வருடம் நீடித்தது.

இப்போது பாய் இல்லை. அவர் இல்லாதது எனக்கு இன்னமும் பொறுக்கவில்லை. கடற்கரைக்குப் போனால் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். உப்பு ஒரு கல் குறைந்திருந்தாலும் அவருக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும்.