ஆரணியில் வயசானவர் யாரும் இல்லை

வெள்ளை வேன் ஒன்று லோகநாதன் வீட்டு வாசலில் வந்து நின்று, நகருவேனா என்றது. பக்கவாட்டில் பெரிய சிவப்பு எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. லோகநாதன் அதைப் படிக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள் வாய்விட்டுப் படித்ததைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

"முதியோர் இலவச ஊர்தி!"

லோகநாதனுக்குக் காது சிவந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

"யாருப்பா நீ? இங்க இன்னாத்துக்கு வண்டியை நிறுத்திகினு இருக்க?"

ஓட்டுநர் அன்புச்செல்வன் பணிவாக எட்டிப் பார்த்தான். "கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு போன் வந்துதுங்க. லோகநாதன்னு பேரு சொன்னாங்க. எழுபது வயசு தாண்டினவராம்."

"தப்பான வீடு. இங்க வயசானவங்க யாரும் இல்ல."

உள்ளேயிருந்து அவர் மனைவி ரேணுகாம்பாளின் குரல் வந்தது. "நான்தான் தம்பி போன் பண்ணேன். ஏத்திகினு போ!"

ரேணுகாம்பாளுக்கு வேறு வழி தெரியவில்லை. போன மாதம் லோகநாதனின் ஸ்கூட்டர் ஓர் இளநீர் வண்டிக்குள் புகுந்துவிட்டது. இளநீர் வண்டி வேப்பமரத்தடியில் தேமே என்று நின்றிருந்தது. "நடு ரோட்டுல நிறுத்தி வெச்சா?" என்று லோகநாதன் அதன்மேல் பாய்ந்தார். மகன் ஜெயக்குமார் அன்றைக்கே ஸ்கூட்டர் சாவியை எடுத்து வைத்துக்கொண்டான். அடுத்த வாரம் அவர்களுடைய பட்டுக் கடைக்கு ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். பச்சைப் புடவை கேட்டார்கள். லோகநாதன் நல்ல நீலமாக ஒன்றை விரித்துப் போட்டு, "பச்சையிலேயே இதுதான் ஒசத்தி" என்று அடித்துச் சொன்னார். பெண்ணின் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கொஞ்ச நாள் வீட்டுல ரெஸ்ட் எடுங்கப்பா" என்றான் ஜெயக்குமார்.

மீசை முளைத்த நாளிலிருந்து அந்தக் கடை மெத்தையில் உட்கார்ந்தவர் லோகநாதன். ரெஸ்ட் அவரைத் தின்றுகொண்டிருந்தது. கடையில் பல்பு சரியில்லை என்பதுதான் இன்றுவரைக்கும் அவருடைய கட்சி.

வாசலில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. வேனை எப்படியாவது கிளப்பியாக வேண்டும்.

"தம்பி, அடுத்த தெருவுல விருத்தாம்பாள் டீச்சர் இருக்காங்க பாரு, அவங்கதான் வயசானவங்க. அவங்க போடற கோலம் அவங்க வாசல்ல ஆரம்பிச்சு பக்கத்து வீட்டுல முடியுதாம். ஜல்தியா போய் ஏத்திகினு போ."

வேன் போயிற்று. லோகநாதன் திரும்பி வந்து காப்பி டம்ளரை வாயருகே கொண்டுபோவதற்குள் மறுபடி ஹார்ன் கேட்டது.

"இன்னாபா?"

"டீச்சர் உங்களைத்தான் இட்டுகினு போகச் சொல்லிட்டாங்க. நேத்து நீங்க அவங்களைப் பார்த்து 'வாங்க போஸ்ட்மேன், நமக்கு ஏதாவது இருக்கா'ன்னு கேட்டீங்களாமே?"

தெருவே சிரித்தது. லோகநாதன் விடவில்லை. "பென்சன் வாங்கற அம்மாவுக்கு வாய் மட்டும் ரிடயர் ஆகலியான்னு நான் கேட்டதா போய்ச் சொல்லு!"

வேன் சொல்லப் போனது. பதிலோடு வந்தது. இப்படி இரண்டு தெருவுக்கும் நடுவே அது தூது போனதே தவிர, ஒரு ஆள்கூட ஏறவில்லை. கடைசியில் அன்புச்செல்வன் கும்பிடு போட்டுவிட்டுக் காலி வேனோடு கிளம்பினான்.

அன்று சாயங்காலம் பவித்ரா வந்தாள். ஊரில் சிலர் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளையில் வேலை பார்க்கும் இளம்பெண். அந்த வேன் அவள் பொறுப்பு. நாற்காலியில் உட்கார்ந்தவள் முகம் தொங்கிப்போயிருந்தது.

"வண்டி வந்ததுலேர்ந்து ஒருத்தர்கூட ஏறல சார். கொசப்பாளையத்துக்குப் போனேன், கோட்டைப் பக்கம் போனேன். எழுபது வயசுக்காரர்கிட்ட கேட்டா எண்பது வயசுக்காரரைக் கை காட்டறாரு. எண்பது வயசுக்காரர்கிட்ட கேட்டா சுவத்துல மாலை போட்ட போட்டோவைக் காட்டறாரு."

"நம்ம ஊர் ஆளுங்க அப்படித்தான். வீம்பு" என்றார் லோகநாதன் அனுதாபத்தோடு.

"இந்த மாசமும் காலியா ஓடினா வண்டியை தேசூருக்கு அனுப்பிடுவாங்களாம்."

லோகநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தேசூருக்கா? நம்ம ஊர் வண்டியையா?"

"அதான் சார், உங்ககிட்ட ஒரு உதவி கேட்டு வந்தேன். உங்களை வண்டியில ஏறச் சொல்ல வரல. நீங்க வயசானவர் இல்லைன்னு பார்த்தாலே தெரியுது." குரலைத் தாழ்த்தினாள். "விருத்தாம்பாள் டீச்சருக்குத்தான் கண்ணு ரொம்ப மோசம். தனியா அனுப்ப பயமா இருக்கு. பொறுப்பான ஒருத்தர் துணைக்குப் போனா நல்லா இருக்கும். ஆனா துணைக்கு வந்திருக்கீங்கன்னு அவங்களுக்குத் தெரியக் கூடாது, மனசு கஷ்டப்படுவாங்க. நீங்களும் கண்ணு காட்ட வந்த மாதிரியே இருக்கணும். முடியுமா சார்?"

லோகநாதனின் மார்பு ஓர் அங்குலம் விரிந்தது.

"இன்னாம்மா கேள்வி இது? நாளைக்கே வண்டியை அனுப்பு."

மறுநாள் காலையில் வேனில் ஏறியவருக்கு ஆச்சரியம். இருக்கை எல்லாம் ஆட்கள். மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வுபெற்ற மணவாளன்கூட ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஒரே ராத்திரியில் பவித்ரா எப்படித்தான் இத்தனை பேரைப் பிடித்தாளோ! அடுத்த தெருவில் டீச்சர் ஏற வந்தபோது லோகநாதன் இறங்கிப்போய் அவர் முழங்கையைப் பிடித்தார். டீச்சர் இவர் முழங்கையைப் பிடித்தார். இருவரும் ஒரே நேரத்தில் படியில் கால் வைத்து, கதவில் சிக்கிக்கொண்டார்கள்.

"நீங்க முதல்ல ஏறுங்க" என்றார் டீச்சர்.

"பெண்கள் முதல்ல, டீச்சர்."

"பெரியவங்க முதல்ல."

அன்புச்செல்வன் இறங்கி வந்து இருவரையும் ஒன்றாகவே உள்ளே தள்ளினான்.

வேலூர் ரோட்டில் இருந்த கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருந்த பெண், "யாருக்குப் பார்க்கணும்?" என்று கேட்டாள். டீச்சர் பக்கத்திலேயே நின்றிருந்தார். உண்மையைச் சொல்ல முடியாது.

"எனக்குத்தாம்மா" என்று உரக்கச் சொன்ன லோகநாதன், நிலைமையை அவள் புரிந்துகொள்ளட்டும் என்று இடது கண்ணைச் சிமிட்டினார்.

அவள் பதறிப்போய் உள்பக்கம் திரும்பினாள். "சிஸ்டர்! இவருக்குக் கண்ணு துடிக்குது. முதல்ல இவரைப் பாருங்க."

சிஸ்டர் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார். லோகநாதன் அவரிடமாவது விளக்கலாம் என்று வலது கண்ணையும் சிமிட்டினார்.

"அடடா, ரெண்டு கண்ணும் துடிக்குதே!" என்று சிஸ்டர் அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தலையைச் சாய்த்து இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்தை ஊற்றினார். "மூடிகினே உக்காருங்க தாத்தா. திறக்கக் கூடாது."

தாத்தா! அதைத் தட்டிக் கேட்கக்கூட நேரமில்லை. கண்ணை மூடிக்கொண்டு டீச்சரைக் காவல் காப்பது எப்படி? டீச்சர் பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்காரும் சத்தம் கேட்டது. லோகநாதன் கையை நீட்டித் தடவி, அகப்பட்ட கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க. நான் இருக்கேன்."

"நான் எதுக்குங்க பயப்படணும்?" என்றது மணவாளனின் கட்டைக்குரல். "நீங்க தைரியமா இருங்க. நானும் இருக்கேன்."

லோகநாதன் கையை உருவப் பார்த்தார். மணவாளன் விடவில்லை. பாவம், மனுஷனுக்கு உள்ளுக்குள் உதறல்போல என்று இவரும் உருவுவதை நிறுத்திக்கொண்டார். டாக்டர் கூப்பிடும்வரை இருவரும் அப்படியே கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டர் அம்மா எதிர்ப்பலகையைக் காட்டிப் படிக்கச் சொன்னார். லோகநாதன் வழியிலேயே திட்டம் போட்டு வைத்திருந்தார். கண் காட்ட வந்தவராக நடிக்க வேண்டும் என்றால், நடுவில் ஓர் எழுத்தைத் தப்பாகச் சொல்ல வேண்டும்.

"மேல ஒண்ணு பெருசா இருக்கு. ப. அவ்ளோதான். கீழ எழுத விட்டுட்டாங்களே?"

டாக்டர் சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

"கீழ எழுத்து இருக்கா டாக்டர்?"

"அஞ்சு வரி இருக்குங்க."

லோகநாதன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பனிக்காலத்துச் சுவர்போல் அது வெளுத்துக் கிடந்தது. இளநீர் வண்டி ஞாபகம் வந்தது. நீலப் புடவையும், பெண்ணின் அத்தை வாயைப் பொத்திக்கொண்டதும் ஞாபகம் வந்தன. பல்பின்மேல் எந்தத் தப்பும் இல்லை.

குனிந்து ரகசியமாகச் சொல்லிப் பார்த்தார். "டாக்டர், உங்ககிட்ட மட்டும் சொல்றேன். எனக்கு ஒண்ணும் இல்ல. சும்மா நடிக்கிறேன்."

"நீங்க நடிக்கறீங்க சார். கண்ணு நடிக்கலையே" என்றார் டாக்டர். "ரெண்டுலயும் புரை நல்லா முத்தியிருக்கு. சர்க்கரை, பிரஷர் பார்த்துட்டு இன்னிக்கே ஒரு கண்ணைப் பண்ணிடலாம்."

வெளியே வந்த லோகநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அடுத்துப் போய்விட்டு வந்த டீச்சரும் அதேபோல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா சொன்னாங்க?"

"ஆபரேஷன். உங்களுக்கு?"

"எனக்கும்."

வாசல் எதிரிலேயே இருந்தது. அன்புச்செல்வன் வேனோடு நின்றிருந்தான். ஏறி உட்கார்ந்தால் அரைமணியில் வீடு. ஆனால் துணைக்கு வந்த ஆளே ஓடிப்போனால் இந்த அம்மாளின் கதி என்ன? பவித்ராவுக்கு என்ன பதில் சொல்வது? லோகநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதுல இன்னா இருக்கு டீச்சர்? முதல்ல நான் பண்ணிக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு பார்த்துட்டு நீங்க பண்ணிக்குங்க."

டீச்சர் நிமிர்ந்தார். "அதெல்லாம் வேணாம். நான் முதல்ல போறேன். என்னைப் பார்த்துட்டு நீங்க வாங்க."

"நான்தான் முதல்ல!"

"நான் சொன்னா சொன்னதுதான்!"

பெஞ்சில் மணவாளனும் பக்கத்து ஆளோடு அதே சண்டையில் இருந்தார். அந்தக் கோடிவரைக்கும் அதே சண்டைதான். சிஸ்டர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"இன்னா பேஜாரா போச்சு! ஆபரேஷனுக்கு யார் முன்னால போறதுன்னு சண்டை போடறவங்களை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

கடைசியில் லோகநாதனே முதலில் போனார். கண்ணே துடிக்கிற அவசரக் கேஸ் அல்லவா?

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். லோகநாதன் மெல்லக் கண்ணைத் திறந்தார். முதலில் வெளிச்சம். அப்புறம் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். இலை இலையாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக. திரும்பினார். வாசலில் டீச்சர் நின்றிருந்தார்.

"டீச்சர்! நீங்க கட்டியிருக்கறது மயில் கழுத்து! நேத்து சாம்பல்னு நினைச்சேன். பச்சைக்கு நடுவுல நீலம் ஓடுது பாருங்க. ஆகா! நெய்தவன் கைக்குத் தங்கம் போடணும்!"

"எனக்கும் உங்க மூஞ்சி தெரியுது" என்றார் ஒரு கண்ணில் கட்டுப் பிரித்திருந்த டீச்சர். "போஸ்ட்மேனைவிட சுமாராத்தான் இருக்கீங்க."

லோகநாதன் விழுந்து விழுந்து சிரித்தார். பார்க்க வந்த ரேணுகாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாம் அந்த டீச்சரம்மாவுக்காகத்தான் பண்ணிக்கினேன்" என்று அவள் காதில் சொன்னார். "பெரிய மனசு உங்களுக்கு" என்றாள் அவள், சிரிக்காமல். ஜெயக்குமார் அப்பாவின் கையைப் பிடித்தான். "டாக்டர் சொன்ன நாள் முடிஞ்சதும் கடைக்கு வந்துடுங்கப்பா. முகூர்த்தக் கூட்டம், நீங்க இல்லாம முடியல."

லோகநாதன் வராந்தாவின் மூலைக்குப் போய் பவித்ராவுக்குப் போன் செய்தார். லைன் கிடைக்கவில்லை. இன்னொருவரோடு பேசிக்கொண்டிருந்தாள். முடித்ததும் மறுபடி பிஸி. ஒருவழியாகக் கிடைத்தாள்.

"எல்லாம் முடிஞ்சுதும்மா" என்று கிசுகிசுத்தார். "டீச்சருக்குத் துளிகூட சந்தேகம் வரல."

"நீங்க மட்டும் இல்லன்னா இது நடந்திருக்குமா சார்? இனிமே வண்டி எங்கயும் போகாது. ஆரணியிலதான்."

தேசூர் தோற்றது! போனை மடியில் செருகிக்கொண்டு, சண்டையில் ஜெயித்துத் திரும்பும் தளபதிபோல் லோகநாதன் வேனுக்கு நடந்தார். டீச்சரின் முழங்கையைப் பிடித்தார். அவரும் பிடிக்க விட்டார். மணவாளன் உள்ளேயிருந்து கை கொடுத்தார். வேன் நிறையக் கறுப்புக் கண்ணாடிகள். ஒவ்வொரு முகத்திலும், மற்ற எல்லாரையும் கரைசேர்த்துவிட்ட பெருமை. யாரோ பாட ஆரம்பித்தார்கள். மணவாளன் இருக்கையில் தாளம் போட்டார். டீச்சர் சுருதி சரியில்லை என்று அதட்டிக்கொண்டே சேர்ந்து பாடினார்.

வேன் நகரும்போது சிஸ்டர் மருந்துப் பையோடு ஓடி வந்து ஓட்டுநர் பக்கத்து ஜன்னலைத் தட்டினார்.

"அண்ணா, கொஞ்சம் நிறுத்துங்க. சொட்டு மருந்து எப்படிப் போடணும்னு துணைக்கு வந்தவங்ககிட்ட சொல்லணும். அவங்களை மட்டும் இறங்கச் சொல்லுங்க."

அன்புச்செல்வன் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு, ஜன்னல் வழியே தலையை நீட்டிக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"மொத்த வண்டியையும் இறக்கணுமே சிஸ்டர். இதுல துணைக்கு வந்தவங்களைத் தவிர வேற யாருமே ஏறல."