சம்பந்தி, திருப்பிச் சொல்லுங்கள்

எல்லைக்கு அந்தப்புறம் மின்சாரக் கட்டுப்பாட்டு அறையில் வீற்றிருக்கும் மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இந்தப்புறத்துக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் காற்றாலைகளும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் சோலார் தகடுகளும் நலமென்று நம்புகிறேன்.

எட்டு வருஷமாக ஒரே டெலிபோனில் குடித்தனம் நடத்தியவர்கள் நாம். இங்கே காற்று நின்றால் நீங்கள் மின்சாரம் கொடுப்பீர்கள். அங்கே மேகம் மூடினால் நான் கொடுப்பேன். அந்தப் பழக்கத்தில்தான் உங்கள் பையனுக்கு என் பெண்ணைப் பேசி முடித்தோம். இப்போது நீங்கள் கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொன்னதிலிருந்து, மூன்று நாளாக அவள் என்னோடு பேசுவதில்லை. அவள் அறைக்கதவு மட்டும் டமார் டமார் என்று பேசுகிறது.

நான் செய்த குற்றம்தான் என்ன? ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்லி, "சரி" என்று முடிக்க வேண்டும், எல்லாம் டேப்பில் பதிவாகும் என்பது நம் வேலையின் விதி. போன மாதம் ஒருநாள் காலையில் காற்று பொசுக்கென்று நின்றுபோக, "இருநூறு மெகாவாட் அனுப்புங்க"ன்னேன். நீங்களும் "இருநூறு மெகாவாட் அனுப்பறோம், சரி"ன்னீங்க. அதோட போனை வச்சிருக்கலாம், என் நாக்கு சும்மா இருந்தாத்தானே! "உங்க பையனுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாதாமே"ன்னு விளையாட்டாச் சொல்லிட்டேன். நீங்க பழக்கதோஷத்துல, "எங்க பையனுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது, சரி"ன்னு கம்பீரமா முடிச்சிட்டீங்க. மாதாந்தரக் கூட்டத்துல அந்த டேப்பைப் போட்டு ரெண்டு நாட்டு அதிகாரிகளும் கேட்டதுக்கு நான் என்ன பண்றது? உங்க பெரிய அதிகாரி சிரிச்ச சிரிப்புல டீ புரையேறிச்சாம். அதுக்காக என்னை "அந்தப்புற அலுவலரே"ன்னு கூப்பிடறது நியாயமா? மனசு வலிக்குது சம்பந்தி.

எனக்கும் ரோஷம் உண்டு. இனி நமக்குள் மெகாவாட் தவிர வேறு பேச்சு வேண்டாம். தாங்களாக இறங்கி வரும்வரை கல்யாணப் பேச்சை நான் எடுக்கப்போவதில்லை.

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். பையனுக்கு ஆசி. இரண்டு வீட்டு விளக்கும் கண்சிமிட்டாமல் எரியட்டும்.

இப்படிக்கு,
அந்தப்புற அலுவலர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் பக்கம் மேகம் மூடிவிட்டது. "முந்நூறு மெகாவாட் அனுப்புங்க"ன்னீங்க. "முந்நூறு மெகாவாட் அனுப்பறோம், சரி"ன்னேன். அதே மூச்சுல, "உங்க பொண்ணுக்கு அடுப்பே பத்தவைக்கத் தெரியாதாமே"ன்னீங்க. நானும், "எங்க பொண்ணுக்கு அடுப்பே பத்தவைக்கத் தெரியாது, சரி"ன்னுட்டேன்! நாம் சிரித்து முடிப்பதற்குள் மேகமே கலைந்துவிட்டது. மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். கடைசியாக, "ஞாயித்துக்கிழமை வாங்க சம்பந்தி, தேதி குறிச்சிடலாம்"னீங்களே, அப்போ சந்தோஷத்துல திருப்பிச் சொல்லாமலே போனை வச்சிட்டேன். விதியை மீறக்கூடாது இல்லையா? எழுத்தில் சொல்கிறேன்: ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் சம்பந்தி, தேதி குறித்துவிடலாம், சரி.